வாதியின் ஊரே வழக்கின் ஊர்

ஓர் உரிமையை வழங்கும் சட்டம், அவ்வுரிமை பறிபோகும்போது எந்த வாயிலில் சென்று முறையிடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த நீதிமன்றம் எந்த வழக்கை ஏற்கும் என்னும் வினா, வழக்கறிஞர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் நுணுக்கமாகவே பொதுமக்களால் கருதப்பட்டு வந்திருப்பினும், உரிமையின் உயிர் பெரும்பாலும் அவ்வினாவின் விடையிலேயே தங்கியிருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்றால் மட்டுமே நிலைநாட்டத்தக்க ஓர் உரிமை, வசதி படைத்தவருக்குப் படைக்கலனாகவும் வசதியற்றவருக்கு அச்சிட்ட தாளாகவும் இருந்துவிடும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வகுக்கும் பொது விதிப்படி, எதிர்வாதி வாழும் இடத்திலோ, தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்கு மூலம் முழுமையாகவோ பகுதியாகவோ எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்க இயலும். தாம் வாழும் ஊரிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியிருப்பதாலேயே நூலாசிரியர் பலர் வழக்குத் தொடுக்கத் தயங்குகின்றனர் என்றும், அத்தடை நீக்கப்பட வேண்டும் என்றும், சட்ட முன்வடிவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு கருதியது. அக்கருத்தின் பயனாகப் பிறந்ததே 62-ஆம் பிரிவு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் எதைச் சொல்லியிருப்பினும், வழக்குத் தொடுப்பவர் உண்மையில் வாழ்கிற, தொழில் நடத்துகிற அல்லது பணிபுரிந்து ஊதியம் ஈட்டுகிற இடத்தின் மாவட்ட நீதிமன்றத்துக்கும் அவ்வழக்கை ஏற்கும் அதிகாரம் உண்டு என்பது அப்பிரிவின் சாரம். தீங்கிழைத்தவரைத் தேடி வாதி அலையவேண்டியதில்லை. வாதியின் ஊருக்கு எதிர்வாதி வந்து விடைசொல்ல வேண்டும். பொது விதியைத் தலைகீழாகத் திருப்பிய இத்தகைய ஏற்பாடு நம் சட்டப் பரப்பில் மிகச் சிலவற்றுக்கே உண்டு.

அன்றைய உறுப்பினர்கள் மனக்கண்ணில் கண்டிருக்கக்கூடிய கள்ளப்பதிப்பாளர், வேறொரு நகரத்தில் அச்சகம் வைத்திருந்தவராகவே இருந்திருப்பார். அவருக்கு முகவரி இருந்தது. அச்சகத்துக்குக் கதவு இருந்தது. நீதிமன்ற அமீனா சென்று தட்டினால் திறக்க ஒருவர் இருந்தார். இன்றைய கள்ளப்பதிப்பாளருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. இந்த மாற்றத்தின் முழு வடிவத்தையும் நம் கோவையே அண்மையில் கண்டது.

2024 செப்டம்பர் 12 அன்று, ஓணத்தையொட்டி, ‘அஜயன்றே ரண்டாம் மோஷணம்’ என்ற மலையாளத் திரைப்படம் வெளிவந்தது. சில நாள்களிலேயே அதன் திருட்டுப் பிரதி இணையத்தில் பரவியது. புலனாய்வு செய்த கொச்சி சைபர் காவல்துறையினர், அடுத்த மாதம், தமிழ்நாட்டைச் சேர்ந்த இருவரைப் பெங்களூருவில் கைது செய்தனர். படம் கோவையில் உள்ள ஒரு திரையரங்கில் வைத்துப் பதிவு செய்யப்பட்டது என்பது காவல்துறையின் கூற்று. குற்றச்சாட்டின் மெய்ம்மையை நீதிமன்றமே முடிவு செய்யும். அதைப்பற்றி நாம் உரைப்பதற்கு ஒன்றுமில்லை. நம் கவனத்துக்குரியது இந்நிகழ்வின் நில வரைபடம். கேரளத்தில் உருவான படைப்பு, கோவையில் பதிவு, கர்நாடகத்தில் கைது, பரவிய இடமோ எந்நாட்டு வழங்கியில் இருக்கிறது என்று எவரும் எளிதில் சொல்லிவிட இயலாத இணையவெளி. 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலை எழுப்பிய ஊர் இது. பட்சிராஜா ஸ்டுடியோவின் படங்கள் தென்னாடெங்கும் சென்ற ஊர் இது. திரைக்கலையை வளர்த்த ஒரு நகரம் அக்கலைக்கு எதிரான குற்றத்தின் களமாகப் பேசப்படுவது நமக்கு உவப்பானதன்று.

இணையத்துக்கு இடம் இல்லை என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். உண்மை அவ்வாறில்லை. திரையரங்குகளில் உள்ள டிஜிட்டல் படவீழ்த்திகள், பார்ப்பவர் கண்ணுக்கும் கேட்பவர் செவிக்கும் புலப்படாத அடையாளக் குறியைப் படத்திலும் ஒலியிலும் இடையறாது பதித்துக்கொண்டே இருக்கும் வகையில் அமைக்கப்படுகின்றன. எந்தக் கருவி, எந்த நாள், எந்தக் கால் மணி நேரம் என்பன அக்குறியினுள் அடங்கியுள்ளன. இருக்கையில் அமர்ந்து ஒருவர் தம் கைப்பேசியில் படத்தைப் பதிவு செய்வாராயின், அக்குறியும் சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. எத்தனை நாடுகளின் வழங்கிகளைக் கடந்து சென்றாலும் அப்பிரதி தான் பிறந்த ஊரையும் வேளையையும் தன்னுள் சுமந்தே செல்கிறது. தீங்கு ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் சென்று தைக்கிறது. இடையில் உள்ள வழி மட்டுமே நமக்கு மறைக்கப்படுகிறது.

குற்றவியல் சட்டம் இதனை ஓரளவு எதிர்நோக்கியே இருக்கிறது. ஒரு செயல் நிகழ்ந்த இடம், அதன் விளைவு நேர்ந்த இடம் ஆகிய இரண்டில் எவ்விடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு. அதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதே விதி 179-ஆம் பிரிவாக இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்கீழ் வரும் குற்றத்துக்குப் பிடியாணையின்றியே கைது செய்யலாம் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2023-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தமோ, திரையரங்கில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று இலட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை தண்டமும் விதிக்க வழிசெய்திருக்கிறது. தமிழ்நாடு அதற்கும் முன்பே, 2004-இல், திருட்டு வட்டுக்காரர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. ஆனால் கைப்பேசியோடு அமர்ந்திருந்தவரைச் சிறையில் இடுவதால், ஏற்கெனவே பரவிவிட்ட பிரதி திரும்பி வந்துவிடுவதில்லை. பரவலை நிறுத்துவதும் இழப்பை ஈடுசெய்வதும் உரிமையியல் நீதிமன்றத்தின் பணி. அதிகார வரம்பு குறித்த உண்மையான இடர்ப்பாடும் அங்கேதான் தொடங்குகிறது.

பெயரும் முகவரியும் இல்லாத எதிர்வாதியை ‘அசோக் குமார்’ என்ற கற்பனைப் பெயரால் சுட்டி ஆணை பெறும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் நிலைபெற்றுவிட்டது. 2019 ஏப்ரலில், யு.டி.வி. நிறுவனம் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. தடுக்கப்பட்ட தளம் மறுநாளே வேறொரு பெயரில் தோன்றுமாயின், புதிய வழக்குத் தொடுக்காமலேயே அப்பெயரையும் பழைய ஆணையில் சேர்த்துக்கொள்ள அது வழிவகுத்தது. 2023 ஆகஸ்டில், யுனிவர்சல் உள்ளிட்ட அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் வழக்கில், இனிமேல் உருவாகப்போகும் படைப்புகளுக்கும் அப்பாதுகாப்பை அந்நீதிமன்றம் நீட்டித்தது. எதிர்வாதி கடல்கடந்து இருந்தாலும், அவர் நம் வீட்டுக்குள் நுழையும் வாயில்களான இணையச் சேவை நிறுவனங்களும் தளப்பெயர் பதிவாளர்களும் நீதிமன்றத்தின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றனர் என்பதே இவ்வாணைகள் கண்ட வழி. அவ்வழி செம்மையானது.

எல்லை கடந்த வழக்குகளில் நாம் பெரிதும் மதிப்பது வேறொரு தீர்ப்பை. தேர்வுப் பயிற்சி நூல்களை எழுதி வந்த நீட்டு சிங் என்னும் ஆசிரியை, தம் நூல்களும் வகுப்புக் காணொளிகளும் டெலிகிராமில் களவாகப் பகிரப்படுவதைக் கண்டு வழக்குத் தொடுத்தார். அவ்வலைவரிசைகளை நடத்துவோர் யார் என்று தெரிவிக்குமாறு கேட்டபோது, தன் வழங்கிகள் சிங்கப்பூரில் இருப்பதாகவும், அந்நாட்டுச் சட்டப்படி அவ்விவரங்களைத் தர இயலாது என்றும் அந்நிறுவனம் வாதிட்டது. 2022 ஆகஸ்ட் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. இங்குள்ள உரிமை இங்குள்ளோரால் மீறப்படும்போது, வழங்கியை அயல்நாட்டில் வைத்திருப்பது ஒன்றையே காரணமாகக் காட்டி இந்நாட்டு நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிட முடியாது என்று கூறி, விவரங்களை முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. நிறுவனமும் பின்னர் அவற்றை ஒப்படைத்தது. வழக்குத் தொடுத்தவர் பெருநிறுவனமன்று, ஓர் ஆசிரியை என்பதை நம் வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆயினும் இவை யாவும் டெல்லியிலேயே நிகழ்ந்திருக்கின்றன. இணையத் திருட்டுக்கு எதிரான வழக்கு என்றாலே டெல்லி என்னும் நிலை உருவானதற்குக் காரணங்கள் பல: அங்கே அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு உண்டு; தடுப்பாணையைச் செயல்படுத்தும் தொலைத்தொடர்புத் துறையும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் அங்கேயே உள்ளன; பழகிய வழக்கறிஞர்களும் அங்கே மிகுதி. பெருநிறுவனங்களுக்கு இது வசதி. பொள்ளாச்சியிலோ கோபிசெட்டிபாளையத்திலோ இருந்து எழுதுகிற ஒருவருக்கு இதனால் விளைவது, கூட்டுக்குழு எதனை நீக்க விரும்பியதோ அதே தொலைவுதான்.

உச்ச நீதிமன்றம் இதைப்பற்றிப் பேசாமல் இல்லை. இசையாசிரியர்களின் உரிமைகளைப் பேணும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் தலைமையகம் மும்பையில் இருந்தது. அது எதிர்வாதியாக்கிய திரையரங்க உரிமையாளரும் மராட்டிய மாநிலத்தவரே. வழக்கோ, டெல்லியில் ஒரு கிளை அலுவலகம் இருக்கிறது என்பதைக் கொண்டு டெல்லியில் தொடுக்கப்பட்டது. 2015 ஜூலை 1 அன்று அளித்த தீர்ப்பில், 62-ஆம் பிரிவு வாதியின் இடரைக் களைய வந்ததேயன்றி, எதிர்வாதியை அலைக்கழிக்கும் கருவியாக வந்ததன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வாதியின் தலைமை இடத்திலேயே வழக்கு மூலமும் எழுந்திருக்குமாயின், அவர் அங்கேதான் வழக்குத் தொடுக்க வேண்டும். கிளை அலுவலகத்தைக் காட்டித் தொலைதூர நீதிமன்றத்தை நாடலாகாது. இத்தீர்ப்பை வாதிகளுக்கு இடப்பட்ட தடையாகவே பலர் படிக்கின்றனர். நாம் அதனை அவ்வாறு படிக்கவில்லை. கோவையில் வாழும் எழுத்தாளர் ஒருவரின் நூல் உலகெங்கும் உள்ள திரைகளில் களவாகத் திறக்கப்படும்போது அவரது விற்பனை குன்றுவது கோவையில். அவர் வாழ்வதும் கோவையில். அத்தீர்ப்பின் தருக்கம் அவரைத் தம் ஊர் நீதிமன்றத்துக்கே அழைத்து வருகிறது.

அவ்வாறு வருபவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆம் விதியும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்துள்ளன. களவுப் பிரதியைத் தேக்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உரிமையாளர் எழுத்துமூலம் முறையிட்டால், 36 மணி நேரத்துக்குள் அந்நிறுவனம் அதனை முடக்க வேண்டும். ஆனால் அம்முடக்கம் 21 நாள்களுக்கு மட்டுமே. அதற்குள் நீதிமன்ற ஆணை வந்து சேராவிடின், நிறுவனம் அதனை மீண்டும் திறந்துவிடலாம். அந்த மூன்று வாரத்தில் அவர் செய்யவேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். திரையில் கண்டதைச் சான்றாக்க வேண்டும். அதற்குப் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழில், கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் வல்லுநர் ஒருவரும் தனித்தனியே கையொப்பமிட்டு, கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். வழக்கின் மதிப்பு மூன்று இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆயின் அது வணிக நீதிமன்றத்துக்குச் செல்லும். அவசர இடைக்கால ஆணை கோரவில்லையெனில், வழக்குக்கு முந்தைய சமரச முயற்சியையும் முடித்திருக்க வேண்டும். இத்தனையும் முடிந்து, ஆட்சியர் அலுவலகத்தை அடுத்துள்ள நீதிமன்ற வளாகத்தில் மனு எண்ணிடப்படுவதற்குள் அவருடைய நாள்களில் பாதி கழிந்திருக்கும். அதன் பின்னர், “எதிர்வாதி அயல்நாட்டவர்; இது உயர் நீதிமன்றத்துக்குரிய வழக்கு” என்று ஒருவர் சொல்லித் திருப்பி அனுப்புவாராயின், எஞ்சிய நாள்களும் போய்விடும். சட்டத்தில் அவ்வாறு எங்கும் சொல்லப்படவில்லை. 62-ஆம் பிரிவு கூறுவது மாவட்ட நீதிமன்றத்தை; எதிர்வாதி உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.

திரைப்படத்துக்காவது ஒன்றிய அரசு மாற்று வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. 2023 நவம்பரில் அது நியமித்த 12 அதிகாரிகளிடம் முறையிட்டால், 48 மணி நேரத்துக்குள் திருட்டு இணைப்புகளை நீக்க ஏற்பாடு உண்டு. ஆண்டுதோறும் கொடிசியா வளாகத்திலும் ஈரோட்டிலும் நடைபெறும் புத்தகத் திருவிழாக்களில் கடன்பட்டேனும் புதிய நூல்களைக் கொண்டுவந்து அடுக்குகிற பதிப்பாளருக்கு அத்தகைய அதிகாரி எவரும் இல்லை. நூல் வெளிவந்த சில நாள்களில் அதன் பி.டி.எஃப். கைப்பேசிக்குக் கைப்பேசி தாவத் தொடங்கினால், நிலையான தீர்வுக்கு அவருக்கு உள்ள ஒரே வாயில் நீதிமன்றம்.

இவ்வளவும் கூறிய பின், அதிகாரத்தின் அளவு குறித்தும் அதே உறுதியோடு கூறவேண்டியிருக்கிறது. 2012-இல், ‘3’ திரைப்படத்துக்காக ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுமையாகவே முடக்கின. அப்படத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாதோர் தாமே உருவாக்கி வைத்திருந்த காணொளிகளும் அதனால் மறைந்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது. அத்திருத்தம் இத்துறையில் நம் மாநிலம் நாட்டுக்கு அளித்த நல்ல முன்மாதிரி. மாவட்ட நீதிமன்றங்கள் தொடக்கத்திலிருந்தே பின்பற்ற வேண்டியதும் அதுவே.

ஒரு தளம் நம் ஊரில் திறக்கிறது என்பதாலேயே உலகில் உள்ள எவரையும் இங்கே இழுத்துவர முடியுமா என்பது மற்றொரு வினா. வணிகக் குறி பற்றிய பான்யன் ட்ரீ வழக்கில், 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், வெறுமனே திறக்க முடிவது போதாது, அவ்விடத்து மக்களைக் குறிவைத்து வணிகம் நடந்திருக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வேறு வகையில் சமன்செய்தது. ஆஸ்திரியப் புகைப்படக் கலைஞர் ஒருவரின் படங்களை ஜெர்மானியத் தளம் ஒன்று இசைவின்றி வெளியிட்ட வழக்கில், 2015 ஜனவரியில், அக்கலைஞர் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்காடலாம்; ஆனால் அந்நாட்டுக்குள் நேர்ந்த இழப்புக்கு மட்டுமே ஈடு கோரலாம் என்று அது முடிவு செய்தது. நாம் இந்த இரண்டாம் வழியையே ஏற்கிறோம். வாயிலை அகலத் திறந்து, உள்ளே வழங்கும் தீர்வை நாட்டின் எல்லைக்குள் நிறுத்துவது, வாயிலையே அடைப்பதைவிட நேர்மையானது.

இந்த அடக்கத்தில் நம் மண்டலத்துக்குத் தன்னலமும் உண்டு. திருப்பூரின் பின்னலாடைகளில் அச்சாகும் ஒவ்வோர் ஓவியத்துக்கும் உரிமையாளர் ஒருவர் எங்கோ இருக்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்படி, பிரிட்டன், சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் உயர்நிலை நீதிமன்றங்கள் வழங்கும் பணத் தீர்ப்பாணைகளை, நம் மாவட்ட நீதிமன்றமே வழங்கியதுபோல் இங்கே நிறைவேற்றலாம். அதிகாரமற்ற நீதிமன்றம் அளித்த தீர்ப்பு செல்லாது என்று 13-ஆம் பிரிவு காப்பளித்தாலும், அதிகாரம் எதுவரை என்பதை நாம் எவ்வாறு வரையறுக்கிறோமோ அவ்வாறே அயலாரும் வரையறுப்பர். தளம் திறந்தது என்பதொன்றையே காட்டிக் கோவை நீதிமன்றம் உலகெங்கும் நேர்ந்த இழப்புக்கு ஈடு வழங்க உலகத்தாரை அழைக்குமாயின், அதே காரணத்தால் துபாய் நீதிமன்றம் திருப்பூர் ஏற்றுமதியாளரை அழைக்கும் நாளில் நாம் குறைகூற இயலாது.

இவ்வினா இத்துடன் அடங்கிவிடவும் இல்லை. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கில், வழங்கிகள் அமெரிக்காவில் இருக்கும்போது இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதை, தான் ஆராயவேண்டிய நான்கு வினாக்களுள் ஒன்றாக டெல்லி உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் வகுத்தது. செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் நூல்கள் தீனியாகும் நாளில் அதன் விடை நம் எழுத்தாளர்களையும் தொடும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு அமைத்து, அதற்குரிய விதிகளையும் வகுத்தது. அவ்விதிகளின் பயன் தலைநகரோடு நின்றுவிடலாகாது. 21 நாள் கெடு உள்ள மனுக்களை எண்ணிட்ட மறுநாளே விசாரணைக்கு எடுப்பது, அயல்நாட்டு எதிர்வாதிக்கு மின்னஞ்சல் வழியே அழைப்பாணை சார்பு செய்வது, தடுக்கவேண்டிய இணைய முகவரிகளை மனுவிலேயே தனி அட்டவணையாகக் கேட்பது ஆகியவற்றை மாவட்ட நீதிமன்றங்களுக்கு நடைமுறை அறிவுறுத்தலாக உயர் நீதிமன்றம் அனுப்ப வேண்டும். மாவட்ட நீதிபதி இடும் தடுப்பாணையையும் டெல்லி ஆணைக்கு அளிக்கும் அதே விரைவோடு நிறைவேற்ற, ஒன்றிய அரசு தொலைத்தொடர்புத் துறையில் ஒரு பொறுப்பதிகாரியைக் குறிப்பிட வேண்டும். மின்னணுச் சான்றிதழில் கையொப்பமிடும் வல்லுநர்களின் பட்டியலைக் கட்டண விவரத்தோடு மாவட்டந்தோறும் மாநில அரசு வெளியிட வேண்டும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த கொங்கு மண்டலத்தில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவைப்படாது. இம்மண்டலத்தின் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும், தம் நூல் களவு போனதாக அறிந்தால், புலம்பி அமையாமல், 62-ஆம் பிரிவைச் சுட்டி, தம் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கைத் தாக்கல் செய்யுமாறு வேண்டுகிறோம்.